எட்டு கிலோ தாங்கும், ஆனால் ஆடும்

செங்கோட்டையிலிருந்து மலையேறி ஆரியங்காவு தாண்டினால் கழுத்துருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய கல் பாலம். எங்கள் பக்கம் கேமரா வாங்கியவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் அது. நானும் ஒரு ஆனிச் சாரலில், கேமராவை நிறுத்தும் மூன்றுகால் தாங்கியான புது ட்ரைபாடோடு போய் நின்றேன். எடுத்த படங்களில் ஒன்றுகூடத் துல்லியமாக வரவில்லை.

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் படத்தைவிட ட்ரைபாடைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"எட்டு கிலோ தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கே அண்ணாச்சி."

"தாங்கும். நீ என்ன அரிசி மூட்டையா வைக்கப்போற?"

விஷயம் அதுதான். எடை தாங்குவது வேறு, விறைப்பாக நிற்பது வேறு. மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். ஆக, ட்ரைபாடின் ஆட்டம் பெரும்பாலும் பாதத்தில் இல்லை, மேலே இருக்கிறது. கால் வளைகிறது, கேமராவைப் பிடித்திருக்கும் தலை முறுக்கிக்கொள்கிறது.

எவ்வளவு அசைந்தால் படம் கெடும்? 200 மி.மீ. லென்ஸ், சென்சாரில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் கம்பின் முனை வெறும் 0.02 மி.மீ. நகர்கிற அளவுக்குக் கேமரா திரும்பினாலே படம் ஒரு பிக்சல் தள்ளிப்போய்விடும். தலைமுடி அதைவிடத் தடிமன். செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கு அந்த அளவு அசைப்பது ஒரு பொருட்டா? அதிலும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

இதை எதிர்ப்பது கால் குழாயின் விட்டம். சுவரின் தடிமன் அப்படியே இருக்க, விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு கூடும். ஐந்து அடுக்குக் கால்கள் மடித்தால் பைக்குள் அடங்கும், சரி. ஆனால் கடைசி அடுக்கு சுண்டுவிரல் தடிமன்தான். அதனால் மேலே உள்ள தடித்த அடுக்குகளை முதலில் நீட்ட வேண்டும். உயரம் போதாவிட்டால் மட்டும் கடைசி அடுக்கு.

கால்களுக்கு நடுவிலிருந்து தலையை மேலே ஏற்றும் நடுக்கம்பி இன்னும் மோசம். ஒரு முனை மட்டும் பிடிபட்ட கம்பியைத் தள்ளினால், அது வளைவது நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 10 செ.மீ. ஏற்றியதை 20 ஆக்கினால் அதே காற்றுக்கு எட்டு மடங்கு வளையும். அன்று நான் அதை முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். வாங்கும்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும்: கண் உயரம் 155 செ.மீ. என்றால், தலைக்கும் கேமராவுக்கும் சுமார் 20 போக, கால்களே 135 வரை எட்ட வேண்டும்.

அடுத்து தலை. பால் ஹெட் (ball head) என்பது ஒரு குண்டின் மேல் கேமரா எந்தப் பக்கமும் திரும்பும் தலை; அந்தக் குண்டை உராய்வுதான் பிடித்திருக்கிறது. குண்டு பெரிதாக இருந்தால் அதே இறுக்கத்தில் அதிக முறுக்கைத் தாங்கும். சின்னக் குண்டில் நீளமான லென்ஸை மாட்டினால், திருகை இறுக்கிக் கையை எடுத்ததும் படம் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். லென்ஸுக்கென்று தனி வளையம் இருந்தால் கேமராவுக்குப் பதில் அந்த வளையத்தைத் தலையில் மாட்டுங்கள். எடை நடுவில் விழும். பால் மாதிரி விழும் பாலருவியை நிதானமாகச் சட்டம் கட்டி எடுக்க, ஒவ்வொரு அச்சையும் தனியாகத் திருப்பும் மூவழித் தலை எனக்குப் பிடிக்கும். பறவை எடுப்பவர்கள், கனமான லென்ஸைச் சமநிலையில் தொங்கவிட்டு லேசாகத் திருப்ப உதவும் கிம்பல் தலைப் பக்கம் போவார்கள். வீடியோ என்றால் உதறாமல் வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட், அதில் பேச்சே இல்லை.

கால்கள் கார்பன் இழையிலா, அலுமினியத்திலா? கார்பனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.6 கிராம், அலுமினியம் 2.7. கார்பன் அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். ஆனால் மெல்லிய கார்பனுக்குக் கொடுக்கிற காசில் தடித்த அலுமினியமே கிடைக்கும். நடந்து மலையேறாதவர்களுக்கு அதுவே போதும் என்பேன்.

கடையில் சோதிப்பது எளிது. கால்களை முழுசாக நீட்டி, கேமரா திரையில் படத்தைப் பெரிதாக்கி, காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நடுக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள்.

இப்போது பாலத்துச் சரிவில் இரண்டு கால்களைப் பள்ளத்துப் பக்கமும் ஒன்றை மேட்டிலும் ஊன்றுகிறேன். பையை ட்ரைபாடின் நடுவில் உள்ள கொக்கியில் ஊஞ்சலாட விடாமல் தரை தொடுகிற மாதிரி தொங்கவிட்டு, இரண்டு நொடி டைமரில் எடுக்கிறேன். கொல்லம் சாலையில் லாரி வந்தால் மட்டும் கை கட்டி நிற்பேன். தரையே அல்லவா அதிர்கிறது.