220, 7, 1: பழைய கேம் தேடும் மூன்று எண்கள்

விண்டோஸ் பரவுமுன் கணினிகளை இயக்கிய டொஸுக்காக 1990களில் எழுதிய கேம் ஒன்றை எப்படியோ புதிய லெப்டொப்பில் திறந்துவிட்டோம், படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. உடனே பலரும் செய்வது சவுண்ட் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கிப் போடுவது. அதில் டேட்டா கரைவதுதான் மிச்சம். டொஸ் கேமுக்கு விண்டோஸ் டிரைவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இன்றைய கேம் ஒலியை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும். எந்த மெசினில் என்ன சவுண்ட் கார்ட் இருக்கிறது என்ற கவலை விண்டோஸுக்குரியது. டொஸில் அப்படியொரு இடையாள் இல்லை. ஒவ்வொரு கேமும் கார்டின் வாசலுக்கே போய் நின்றது. அந்தக் கார்டும் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர், அல்லது அதைப்போல நடிக்கும் வேறொன்று.

மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' என்கிற மிதவையில் கடந்தவர்களுக்கு அந்தக் கார்ட் வேலை செய்யும் விதம் சட்டென்று விளங்கும். கேம், ஒலியின் ஒரு துண்டை நினைவகம் என்கிற இக்கரையில் அடுக்கிவைக்கும். அதைப் புரோசசருக்குச் சுமை கொடுக்காமல் அக்கரையிலுள்ள கார்டிடம் கொண்டுபோகும் பாதைதான் டிஎம்ஏ. சரக்குத் தீர்ந்ததும் கார்ட் அக்கரையிலிருந்து ஒரு கூவல் கொடுக்கும். அதற்குப் பெயர் ஐஆர்க்யூ. கூவல் கேட்டால்தான் கேம் அடுத்த துண்டை ஏற்றும். கார்ட் நிற்கும் துறையின் இலக்கம் போர்ட் முகவரி.

போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. இதில் எது பிசகினாலும் கோளாறு தன் அடையாளத்தைக் காட்டிவிடும். போர்ட் தவறினால் 'கார்ட் இல்லை' என்று கேம் கைவிரிக்கும். டிஎம்ஏ தவறினால் ஒன்றும் கேட்காது, அல்லது இரைச்சல் கேட்கும். ஐஆர்க்யூ தவறுவதுதான் வேடிக்கை: முதல் துண்டு ஒலித்துவிட்டு அப்படியே அடங்கும், அல்லது அதே அரை விநாடிச் சத்தம் கீறல் விழுந்த இசைத்தட்டுப்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூவல் வேறு திசையில் போய்விட்டது, கேம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. சில கேம்கள் அந்த இடத்திலேயே உறைந்தும் போகும்.

இசை வேறு வழியில் வந்தது. 1987இல் அட்லிப் என்ற இன்னொரு சவுண்ட் கார்டோடு பரவி, பின்னர் சவுண்ட் பிளாஸ்டரிலும் இருந்த யமஹா சிப், பதிவுசெய்த ஒலியை வாசிப்பதில்லை. கேம் அனுப்பும் எண்களைக் கொண்டு ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து, ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள்வரை தானே உண்டாக்கும். அந்தச் சிப் மந்தமானது. முகவரியை எழுதியபின் 3.3 மைக்ரோவிநாடியும், தரவை எழுதியபின் 23 மைக்ரோவிநாடியும் பொறுக்கவேண்டும். அக்காலத்துக் கேம்கள் சில அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காமல் வெறுமனே எண்ணிக் கழித்தன. பின்னால் வந்த வேகமான மெசின் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிட, சிப் பாதி எண்களைத் தவறவிட்டது. மெசின் வேகமானதே சத்தத்துக்கு எமனான கதை இது.

புதிய மெசினில் அந்தக் கார்டும் இல்லை, அதைச் செருகும் ஐஎஸ்ஏ துளையும் இல்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைத் திறக்கவே மறுக்கும். ஆகவே கேம் தேடும் கார்டை மென்பொருளால் உண்டாக்கிக் கொடுப்பதே வழி. 2002இலிருந்து அந்த வேலையைச் செய்துவரும் டொஸ்பொக்ஸ் இலவசம், இறக்குவதற்கு இரண்டு எம்பிகூட வராது.

அதைப் போட்டதும் கேமை நேரே ஓட்டக்கூடாது. கேமின் கோப்புறையில் செட்டப் அல்லது செட்சவுண்ட் என்று ஒரு நிரல் இருக்கும், முதலில் அதைத் திறவுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 பட்டியலில் இருந்தால் அது, இல்லையேல் புரோ, அதுவும் இல்லையேல் வெறும் சவுண்ட் பிளாஸ்டர். அட்லிப்பை மட்டும் தேர்ந்தால் இசை வரும், பேச்சும் வெடிச்சத்தமும் பெரும்பாலும் வராது. பிறகு எண்கள். பலர் வழுக்குவது இங்கேதான்: உண்மையான சவுண்ட் பிளாஸ்டர் 16 ஆலையிலிருந்து ஐஆர்க்யூ 5 உடன் வந்தது, டொஸ்பொக்ஸ் தருவதோ 7. செட்டப்பில் 5 என்று இருந்தால் 7 ஆக்குங்கள். 16 பிட் ஒலிக்கான உயர் டிஎம்ஏ கேட்டால் 5.

இசைக்கு ஜெனரல் மிடி என்ற பொதுத் தரம், ரோலண்ட் நிறுவனத்தின் எம்டி-32 என்ற இசைக் கருவி என்று இரண்டு தெரிவுகள் வரலாம். இரண்டிலும் வாத்தியங்களின் வரிசை வேறு. எம்டி-32 என்று சொல்லிவிட்டு ஜெனரல் மிடியில் வாசிக்கவிட்டால் குழல் ஊதவேண்டிய இடத்தில் வேறேதோ அலறும். விண்டோஸிலேயே உள்ள மிடி ஒலிக்கு ஜெனரல் மிடிதான் பொருந்தும்.

சத்தம் வந்தும் விக்கி விக்கி வந்தால் இரண்டு காரணங்கள். முதலாவது சைக்கிள்ஸ், அதாவது டொஸ்பொக்ஸ் நடிக்கும் புரோசசரின் வேகம். கன்ட்ரோலோடு எஃப்12 அழுத்தினால் கூடும், எஃப்11 குறைக்கும். கூடக் கூட நல்லது என்பதில்லை. லெப்டொப்பால் தாங்க முடியாத அளவு கேட்டால் முதலில் உடைவது ஒலிதான். இரண்டாவது, அமைப்புக் கோப்பின் மிக்சர் பகுதி. அங்கே பிளொக்சைஸ், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 1024 என்று இருக்கும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அது 23 மில்லிவிநாடி. 2048 ஆக்கி, சத்தத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பிரிபஃபரை 25இலிருந்து 80க்கு உயர்த்தினால் விக்கல் பெரும்பாலும் நிற்கும். சுட்ட சத்தம் ஒரு கணம் பிந்திக் கேட்கும், அவ்வளவே.

பழைய பென்டியம் பெட்டியையே வைத்து விளையாட விரும்புகிறவர்களைக் குறைசொல்ல முடியாது, அந்த ஒலிக்குத் தனி ருசி உண்டு. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் மட்டக்களப்பின் கல்லடியிலும் காத்தான்குடியிலும் உப்புக்காற்று கார்டின் தொடுமுனைகளைச் சும்மா விடாது. கார்டைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துச் செருகினால் 'செத்த' கார்டுகள் பல எழும்பும்.

எல்லாச் சத்தமும் கேட்டு, இசை மட்டும் இல்லையென்றால் சிடியைப் பாருங்கள். 1996இல் வந்த குவேக்கைப்போன்ற கேம்களின் இசை சிடியில் சாதாரணப் பாட்டுத் தடங்களாக இருந்தது. அக்காலத்தில் சிடி டிரைவே அதை வாசித்து, நான்கு முனைக் கம்பி ஒன்றின்வழியாகச் சவுண்ட் கார்டுக்கு அனுப்பியது. சிடியை ஐஎஸ்ஓவாகப் பிரதி எடுத்தால் தரவு மட்டுமே வரும், பாட்டுத் தடங்கள் போய்விடும். 'பின்' (bin), 'கியூ' (cue) என்ற சோடிக் கோப்புகளாக எடுத்து, டொஸ்பொக்ஸின் ஐஎம்ஜிமவுண்ட் (imgmount) கட்டளைக்குக் கியூ கோப்பைக் காட்டவேண்டும்.

2000த்துக்குப் பிந்திய விண்டோஸ் கேம்களின் நோய் வேறு. சத்தம் வரும், ஆனால் முப்பரிமாண ஒலித் தெரிவு மங்கிக் கிடக்கும். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்களின் ஒலியை வாங்கும் டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் பகுதி கார்டோடு நேரே பேசும் வழியை அடைத்துவிட்டது. டிஎஸ்ஓஏஎல் என்ற இலவச மென்பொருள் கேம் டைரக்ட்சவுண்டுக்கு அனுப்பும் அழைப்புகளை ஓபன்ஏஎல் என்ற முப்பரிமாண ஒலி மென்பொருளுக்குத் திருப்பிவிடும். அதன் டிசவுண்ட் டிஎல்எல் கோப்பையும் கூட வரும் துணைக் கோப்பையும் கேமின் இஎக்ஸ்இ இருக்கும் அதே கோப்புறையில் வைக்கவேண்டும். மெசின் 64 பிட்டாக இருந்தாலும் அந்தக் கேம்கள் 32 பிட் என்பதால், எடுக்கவேண்டியது 32 பிட் கோப்பைத்தான்.