ரேஸ் கண்டிஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

முதலில் ஒன்று, 'கண்டிஷன்' என்றதும் கை தானாக 'நிபந்தனை' என்று தட்டப் போகும், வேண்டாம். இங்கே அதற்கு நிலைமை என்றுதான் பொருள். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறினால், அந்த நிலைமைதான் ரேஸ் கண்டிஷன்.

சொல் மென்பொருளில் பிறந்ததில்லை, மின்சுற்றுக்காரர்களுடையது. தரவைச் சுருக்கும் ஹஃப்மன் குறியீட்டுக்குப் பேர்போன டேவிட் ஹஃப்மனின் 1953 முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இருக்கிறது. அங்கே ஓடுபவை மின்சமிக்ஞைகள்.

இயங்குதளத்தின் நெட்வொர்க் பகுதியில் இது எப்படிக் கடிக்கும் என்பதற்கு லினக்ஸில் 2016-இல் சிக்கிய சிவிஇ-2016-8655 (பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது எண்) நல்ல உதாரணம். பேக்கெட் சாக்கெட் என்பது நெட்வொர்க் பொட்டலங்களை நிரல் நேரடியாக வாங்கும் வாசல், வளையம் என்பது அவற்றை வைக்கும் சுழல் நினைவகம். அதில் மூன்றாம் பதிப்பு வளையத்தை அமைக்கும்போது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, ஒரு டைமரையும் தயார் செய்யும். வளையம் இருக்கும்போது பதிப்பை மாற்றக் கூடாது என்று சோதனையும் இருந்தது, ஆனால் பூட்டு (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வைப்பது) இல்லாமல். ஒரு இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை, த்ரெட்) வளையத்தை அமைத்துக்கொண்டிருக்கிறது, டைமர் தயார், வளையம் இன்னும் சாக்கெட்டில் பதிவாகவில்லை. அந்த இடுக்கில் இன்னொரு இழை நுழைந்து பார்த்தால் வளையமே இல்லை, சரி என்று பதிப்பை ஒன்றாக மாற்றிவிடுகிறது. அப்புறம் சாக்கெட்டை மூடும்போது கெர்னல் 'பதிப்பு ஒன்றுதானே, டைமர் ஏது' என்று நினைத்து நினைவகத்தை விடுவித்துவிடும், டைமரோ விடுவித்த இடத்திலேயே போய் அடிக்கும். அந்த இடத்தில் தன் தரவைத் திணிக்கத் தெரிந்தவனுக்கு ரூட் அதிகாரமே, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடே, கிடைக்கும். 2011-இல் நுழைந்த பிழை, ஐந்து வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

திருத்தம் சின்னதுதான். வளையம் அமைக்கும் செயற்கூறு தொடக்கத்திலேயே சாக்கெட் பூட்டை எடுக்கிறது. பதிப்பு மாற்றும் இடத்தில் சோதனை, மாற்றம் இரண்டுமே அதே பூட்டுக்குள் நடக்கின்றன. இரண்டும் பூட்டுக்குள் என்பதுதான் முக்கியம், சோதனையை மட்டும் உள்ளே வைத்துவிட்டு மாற்றத்தை வெளியே விட்டால் இடுக்கு அப்படியே இருக்கும். நடுவில் கொஞ்சம் தாமதம் சேர்த்துச் சரிக்கட்டுவதெல்லாம் திருத்தமே இல்லை, பிழை அரிதாகும், அவ்வளவுதான்.

சரி, தமிழ்ச் சொல்? 'பந்தய நிலை' புரியும், ஆனால் பந்தயத்தில் ஓடுகிறவனுக்குத் தான் ஓடுவது தெரியும், பரிசும் உண்டு. இந்த இழைகளுக்கு மற்றது இருப்பதே தெரியாது. 'போட்டி நிலை'யிலும் அதே கோளாறு. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்கிறோமே, அந்த முந்துதான் இங்கே சரியாக உட்காருகிறது: 'முந்தல் நிலை' என்பது என் தேர்வு. 'டேட்டா ரேஸ்' என்பது வேறு, ஒரே நினைவக இடத்தை ஒத்திசைவு இல்லாமல் இரு இழைகள் தொட, அதில் ஒன்றாவது எழுதுவது. அதைத் 'தரவு முந்தல்' எனலாம். லினக்ஸ் 5.8-இல் சேர்ந்த கேசிசான் என்ற பிழைதேடும் கருவி முக்கியமாகத் தேடுவது இந்த இரண்டாவதைத்தான், அதனால் கருவி வாய் திறக்கவில்லை என்பதற்காக முந்தல் நிலையே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.