ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுதுன்னு நினைக்கிற நர்சிங் பிள்ளைங்களுக்கு

போன வருஷக் கடைசியில ஒரு நாள் சாயங்காலம் எழும்பூர் கோர்ட் பக்கத்துல இருக்கற என் ரூமுக்கு ஒரு அம்மாவும் பையனும் வந்தாங்க. பையன்னு சொல்றேன், வயசு முப்பத்திமூணு, ஐசியூல ஆறு வருஷமா வேலை பாக்கற ஸ்டாஃப் நர்ஸ். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், அடையாளத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். 2014ல ஃப்ரெண்டோட அக்கா கல்யாண ரிசப்ஷன் முடிஞ்சு பைக்ல வரும்போது அண்ணாநகர் ரவுண்டானா கிட்ட போலீஸ் மடக்கி, குடிச்சிருக்கானான்னு பாக்க ஊதச் சொல்லியிருக்காங்க, மிஷின் 46 காட்டிருக்கு, அடுத்த வாரம் கோர்ட்ல பேரைக் கூப்பிட்டப்போ தலையாட்டிட்டு 2,000 ரூபா கட்டிட்டு வந்துட்டான். அதுக்கப்புறம் பிபிஓ வேலையை விட்டுட்டு ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ சேர்ந்து படிச்சு முடிச்சு, இப்போ அமெரிக்காவுல டெக்சாஸுக்குப் போகணும்னு என்கிளெக்ஸ்க்கு, அதாவது அங்க நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதற பரீட்சைக்கு, ரெடி ஆயிட்டிருக்கான்.

லைசென்ஸுக்காக அந்த ஊர் நர்சிங் போர்டுக்கு அனுப்பற ஃபார்ம்ல ஒரு கேள்வி. எப்பவாவது எங்கயாவது குற்றவாளின்னு தீர்ப்பு வந்திருக்கான்னு. ஏஜென்ட் சொன்னானாம், "இல்லன்னு டிக் பண்ணுங்க தம்பி, இந்தியாவுல நடந்தது அங்க யாருக்குத் தெரியப் போகுது". பையனுக்கு ரெண்டு வாரமா தூக்கம் வரல. அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வக்கீலம்மா, ஒரு நாள் பண்ண தப்புக்கு எம்புள்ள வாழ்க்கையே போயிடுமா"ன்னு கேட்டாங்க.

போகாதும்மான்னேன். ஆனா இல்லன்னு எழுதினா போக வாய்ப்பிருக்குன்னும் சொன்னேன்.

இந்த மாதிரி வர்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க, "அது வெறும் ஃபைன் தானே மேடம்". இல்லீங்க. ஹெல்மெட் போடாததுக்குக் கட்டறதும் இதுவும் ஒண்ணு இல்ல. குடிச்சிட்டு ஓட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 185வது பிரிவு, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாலே குற்றம், முதல் தடவையே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போட சட்டத்துல இடம் இருக்கு. இதை ரோட்டுலயே சமரசமா முடிக்க முடியாது, அதனாலதான் கோர்ட்டுக்கு வரச் சொல்றாங்க. அங்க மாஜிஸ்ட்ரேட் "குத்தத்தை ஒத்துக்கறியா"ன்னு கேக்கறார், நீங்க ஆமான்னு சொல்றீங்க, பணம் கட்டறீங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல நடந்தது ஒரு தண்டனைத் தீர்ப்பு. அப்போ 2,000 ரூபா வரைக்கும் இருந்த அபராதம் 2019 திருத்தத்துல 10,000 ஆச்சு, தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. தொகை மாறிச்சே தவிர அது தண்டனைங்கறது அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்.

அடுத்து பிசிசி. பாஸ்போர்ட் ஆபீஸ்ல 500 ரூபா கட்டி போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிட்டேன், அதுல ஒண்ணும் இல்ல, அப்போ நான் க்ளீன் தானேன்னு கேக்கறாங்க. ட்ராஃபிக் கேஸ் பல சமயம் அதுல வராது, உண்மைதான். ஆனா ஃபார்ம் உங்ககிட்ட கேக்கறது போலீஸ் ரெக்கார்டுல என்ன இருக்குன்னு இல்ல, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு. ஒவ்வொரு ஃபார்மும் வேற வேற கேள்வி கேக்கும், அதை நிதானமா படிக்கணும். பாஸ்போர்ட் சட்டத்துல பாக்கறது கடைசி அஞ்சு வருஷத்துல, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு ரெண்டு வருஷத்துக்குக் குறையாத ஜெயில் தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு, அதுக்கு இந்தப் பையன் இல்லன்னு எழுதினா அது நேர்மையான பதில். அதே பையன் "எப்பவாவது"ன்னு கேக்கற நர்சிங் போர்டு ஃபார்ம்ல இல்லன்னு எழுதினா அது பொய். இங்கிலாந்துல நர்ஸுங்களைப் பதிவு பண்ற என்எம்சி ரெஜிஸ்டருக்குப் போனாலும் நன்னடத்தை பத்தி உறுதிமொழி குடுத்தாகணும்.

நம்ம ஊர் கவர்மென்ட் வேலைக்கும் இதே கதைதான். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கற தேர்வு வாரியமான எம்ஆர்பி மூலமா ஸ்டாஃப் நர்ஸ் செலக்ட் ஆனாலும் பின்னணி விசாரணை உண்டு. 2016ல அவதார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதிகள் இதைப் பத்தித் தெளிவா சொல்லியிருக்காங்க, கேட்ட விவரத்தை உண்மையா சொல்லணும், சின்ன வயசுல பண்ண சின்னத் தப்பை மறைச்சிருந்தா வேலை குடுக்கறவங்க மன்னிக்கலாம், உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதை எடை போட்டுப் பாக்கற உரிமை அவங்களுக்கு உண்டு, ஃபார்ம் கேக்காததை சொல்லலன்னு உங்க மேல பழி போட முடியாது. கடைசி வரியை நிறைய பேர் கவனிக்கறதில்ல. கேக்காத இடத்துல நீங்களா போய் கொட்டணும்னு அவசியமில்ல, கேட்ட இடத்துல மறைக்காதீங்க.

ஒரு நர்ஸ்கிட்ட மட்டும் ஏன் இவ்ளோ தோண்டறாங்கன்னு அந்தப் பையனே கோவமா கேட்டான். தம்பி, உன் வார்டுல மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி போதை தர்ற வலி மருந்து வெச்சிருக்கற அலமாரி சாவி யார்கிட்ட இருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நைட் டூட்டியில என்கிட்டதான் மேடம்ன்னான். அவ்ளோதான் விஷயம். அத்தனை வருஷம் முன்னாடி பீர் குடிச்சியாங்கறது அவங்க கவலை இல்ல, இன்னிக்கும் குடி உன்னைப் பிடிச்சிருக்கான்னு தெரியணும், கஷ்டமான கேள்விக்கு நேரா பதில் சொல்ற ஆளான்னு தெரியணும். தப்பான மருந்தைப் போட்டுட்டா அதை அன்னிக்கே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட ஒத்துக்கற நர்ஸ்தானே நோயாளிக்குப் பாதுகாப்பு. நான் இதை ரொம்ப நம்பறேன், ஏன்னா என் அப்பாவைக் காப்பாத்தினது அப்படி ஒத்துக்கிட்ட ஒரு நர்ஸ்.

இனி காகிதம். மிஷின்லேர்ந்து வர்ற சின்ன சீட்டு இருக்கே, அதுல எழுத்து ஒரு வருஷத்துலயே மங்கிடும், வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து வைங்க. ஏன்னா அந்த நம்பர் முக்கியம். இங்கிலாந்துல லிமிட்டே 100 மில்லிக்கு 80 மில்லிகிராம், டெக்சாஸ்லயும் கணக்கு அதேதான், நம்ம பையனோட 46 அங்க அந்த லிமிட்டைத் தாண்டாது. வெறுமனே குடிச்சிட்டு ஓட்டினான்னு படிக்கறவங்களுக்கும் 46ன்னு படிக்கறவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு. அப்புறம் எந்த கோர்ட்ல கட்டினீங்களோ அங்க தீர்ப்பு நகலுக்கு மனு போடுங்க, கேஸ் நம்பர் தெரியலன்னா தேதியும் ஸ்டேஷன் பேரும் வெச்சுத் தேடலாம். சின்ன கேஸ் கட்டெல்லாம் சில வருஷத்துல அழிச்சிருப்பாங்க, அப்படின்னா கட்டு இல்லன்னு அவங்க எழுதித் தர்றதையே வாங்கி வெச்சுக்குங்க, அதுவும் ஒரு ஆவணம்தான். நர்சிங்கையே டெக்சாஸ் போய் படிக்கலாம்னு யோசிக்கறவங்களுக்கு இன்னொண்ணு, நாலு வருஷம் செலவு பண்ணி முடிச்சப்புறம் பயப்பட வேண்டாம், அந்த போர்டுல முன்னாடியே மனு போட்டு எனக்கு லைசென்ஸ் கிடைக்குமான்னு கேட்டுத் தெரிஞ்சுக்க வழி இருக்கு.

கேஸ் இன்னும் நடந்துட்டிருக்கற பிள்ளைங்க, தயவு செஞ்சு ஒரு வக்கீலைப் பாத்துட்டு அப்புறம் போய் நில்லுங்க. மிஷின் ரீடிங்ல சந்தேகம் இருந்தா சொல்லலாம். தப்பு உண்மைன்னா, 1958 நன்னடத்தைச் சட்டத்துல எச்சரிச்சு விடுங்கன்னு கேக்கலாம், குடுக்கறது மாஜிஸ்ட்ரேட் கையில. அந்தச் சட்டத்தோட 12வது பிரிவு, தண்டனையால வர்ற தகுதியிழப்பை நீக்குது, ஆனா நடந்த சம்பவத்தையே அழிச்சிடாது, வெளிநாட்டு போர்டு அதை எப்படி எடுத்துக்கும்ங்கறது வேற விஷயம்.

குடியே இன்னும் விடலன்னா ஃபார்மை ஓரமா வெச்சுட்டு முதல்ல அதைப் பாருங்க. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில குடிநோய்க்குத் தனி சிகிச்சை இருக்கு, அடையாறு இந்திரா நகர்ல டிடிகே மருத்துவமனை 1980லேர்ந்து இதுக்காகவே நடக்குது. சிகிச்சை எடுத்தா பேரு கெட்டுடும்னு பயப்படாதீங்க, ட்ரீட்மென்ட் பேப்பர் உங்க பக்கம் பேசற சாட்சி.

அந்தப் பையன் போர்டுக்கு அனுப்பற விளக்கக் கடிதத்தை என்னையே எழுதித் தரச் சொன்னான். நீதான் எழுதணும்னு சொல்லிட்டேன். முதல் தடவை எழுதினதுல முழுக்க போலீஸ் மேல குறை. ரெண்டாவது மூணு பக்கம், படிக்கவே முடியல, அவ்ளோ அழுகை. மூணாவது ஒரே பக்கம்தான், எந்தத் தேதி, எவ்ளோ ரீடிங், எவ்ளோ கட்டினேன், அதுக்கப்புறம் ஐசியூல தலையில அடிபட்டு வந்த பைக் ஆக்சிடென்ட் பசங்களோட அம்மாக்கள் வாசல்ல உக்காந்திருக்கறதை ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் அந்த ராத்திரி ஞாபகம் வரும்னு எழுதியிருந்தான். நான் ஒரு வார்த்தை கூட மாத்தல. கோர்ட் நகல் வர பதினெட்டு நாள் ஆச்சு, வந்த அன்னிக்கே ரெண்டையும் சேர்த்து அனுப்பிட்டோம். பதில் இன்னும் வரல. இப்போ தூக்கம் வருதாம் அவனுக்கு, அவங்கம்மா ஃபோன் பண்ணி சொன்னாங்க.