மூன்றரைப் பேர்ச்சில் ஒரு பாதை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஒரு தென்னங்காணி வீட்டு வளவுகளாகப் பிரிபடும்போது அநேகமாக நடப்பது இதுதான். பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கை உள்ளே போகும். இரு பக்கமும் வளவுகள் வரும். கடைசி வளவின் வேலியோடு ஒழுங்கை முடிந்துவிடும். கார் போய்வர இடம் உண்டு, மின்கம்பம் உண்டு, காணி விற்றுவிடும். அந்தக் கடைசி வேலிக்கு அப்பால் ஒரு பாடசாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி அடிப்பது வீட்டுக்குள் கேட்கும். ஆனால் பிள்ளை ஒழுங்கை முழுவதும் திரும்பி நடந்து, பிரதான வீதியில் லொறிகளின் ஓரமாகப் போய், அடுத்த ஒழுங்கையால் இறங்க வேண்டும். நேர்க்கோட்டில் 100 மீற்றர், நடக்கும் தூரமோ 900 மீற்றர்.

நடைவழி, சைக்கிள் வழி திட்டமிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களின் விகிதத்தைத்தான். விகிதம் 1 என்றால் நேர்வழி. வீதிகள் நெருக்கமான சதுரக் கட்டங்களாக ஒன்றையொன்று வெட்டிப் போனால், மூலைக்கு மூலை போகிறவருக்குக்கூட அது 1.41 அளவில் நின்றுவிடும். நம்முடைய பிள்ளைக்கு அது 9.

விகிதம் கூடக்கூட என்ன இழக்கிறோம் என்பது பரப்பாகக் கணக்கிட்டால்தான் தெரியும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவர் ஐந்து நிமிடத்தில் சுமார் 400 மீற்றர் போவார். எல்லாத் திசையிலும் நேராகப் போக முடிந்தால் அவருக்கு எட்டுவது 50 ஹெக்டேயர் வட்டம். நல்ல சதுரக் கட்ட வீதிகளில் அந்த வட்டம் ஒரு சாய்சதுரமாகச் சுருங்கி 32 ஹெக்டேயராகும். வீடு வாவிக்கரையில் இருந்தாலோ பாதி தண்ணீர், மிஞ்சுவது 16. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிற நமக்கு, இருக்கிற நிலத்தையும் முட்டுச்சந்துகளால் அடைப்பது பெரிய இழப்பு. கடை, மருந்தகம், பஸ் தரிப்பிடம் எல்லாம் அந்த 16 ஹெக்டேயருக்குள்தான் கிடைத்தாக வேண்டும்.

சைக்கிள் இந்தக் கணக்கை அப்படியே மாற்றிவிடுகிறது. ஆறுதலாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீற்றர் போகலாம். வேகம் மூன்று மடங்கு என்றால் எட்டக்கூடிய பரப்பு ஒன்பது மடங்கு. மட்டக்களப்பு மேடு பள்ளம் இல்லாத ஊர். எதிர்க்காற்றைத் தவிர மிதிப்பவருக்குத் தடை எதுவுமில்லை. இப்படிப்பட்ட நிலம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு இணைப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலமே போதும். அதற்கு முன் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போக அந்த இடத்தில் படகுப்பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை, வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். கல்லடியில் 1924இன் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தபோது பழையதை இடிக்காமல் விட்டார்கள். கனரக வாகனங்களுக்கு நடுவே புகாமல் வாவியைக் கடக்க நடப்பவருக்கு ஒரு வழி மிஞ்சியது. நல்ல முடிவு அது.

கணினியில் வழி தேடும்போது சந்திகள் புள்ளிகளாகவும் வீதிகள் கோடுகளாகவும் மாறுகின்றன. நெதர்லாந்துக்காரரான டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறை, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் செலவு குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும். திட்டமிடுபவரின் திறமை அந்தச் ‘செலவை’ எப்படிக் கணக்கிடுகிறார் என்பதில்தான் இருக்கிறது. நிழலில்லாத 100 மீற்றரை 150 என்றும், நடைபாதையில்லாத பிரதான வீதியின் 100 மீற்றரை 300 என்றும் போட்டுப் பார்த்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தாய் உண்மையில் எந்த வழியால் போவார் என்பது வரைபடத்தில் தெரிய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ஒரு வரிசை வேம்போ பூவரசோ வழியையே சுருக்கிவிடும்.

பிரதான வீதியைக் கணக்கில் இவ்வளவு பாரமாகப் போடுவதற்குக் காரணம் வேகம். கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் காருக்குச் சட்டம் விடுவது மணிக்கு 50 கிலோமீற்றர். ஒரு பிள்ளை குறுக்கே வருகிறது. சாரதி கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் எடுத்தால், அதற்குள் வண்டி 14 மீற்றர் ஓடிவிடும். 30இல் வந்த வண்டியோ, காய்ந்த வீதியில், ஏறத்தாழ 13 மீற்றரில் முழுவதும் நின்றிருக்கும். ஒன்று நின்றுவிட்ட இடத்தில் மற்றது இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. ஆகவே ஒழுங்கை வீதியைச் சந்திக்கும் மூலையைக் கூர்மையாக வைத்தால் திரும்பும் வாகனம் மெதுவாகும். அகல வளைத்துக் கட்டினால் வேகம் குறையாமலே உள்ளே புகும். மூலை வளவின் மதிலைக் கொஞ்சம் உயரம் குறைத்துக் கட்டினால், சைக்கிளில் வரும் பிள்ளையைச் சாரதி முன்கூட்டியே காண்பார்.

இனி மழை. மாரி வெள்ளம் எங்கே நிற்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் கடலுக்கு வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படும் நாளுக்காகக் காத்திருந்த அனுபவம் உண்டு. பாதையை வெள்ளத்துக்கு மேலே உயர்த்தினால் மட்டும் போதாது. மதகு வைக்காமல் உயர்த்திய பாதை அணைக்கட்டாகி, பக்கத்து வளவுகளுக்குள் தண்ணீரைத் தேக்கும். வடிகானுக்கு மேல் கொங்கிறீட் மூடி போட்டு நடைபாதையாக்குவது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மூடியின் துவாரங்கள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் சில்லு அதற்குள் இறுகி ஆள் விழுவார். துவாரங்கள் குறுக்காக இருக்க வேண்டும்.

மறுபடி அந்தக் கடைசி வேலி. இரண்டு வளவுகளுக்கு நடுவே 3 மீற்றர் அகலம் விட்டால் எதிரெதிரே இரண்டு சைக்கிள்கள் தாராளமாக விலகும், சக்கர நாற்காலியும் போகும். வளவின் நீளம் 30 மீற்றர் என்றால் பாதைக்குப் போவது 90 சதுர மீற்றர், அதாவது மூன்றரைப் பேர்ச். அது வளையாமல் நேராக இருக்க வேண்டும். இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரிந்தால்தான், மாலை வகுப்பு முடிந்து தனியாக வரும் பெண்பிள்ளை பயமின்றி நுழைவாள். இரண்டு பக்கமும் ஆளுயர மதில் எழுந்து விளக்கும் இல்லையென்றால் பாதை இருந்தும் ஆள் போகாது.

இந்த மூன்றரைப் பேர்ச்சை விடுவதற்கு மலிவான காலம் ஒன்றே ஒன்றுதான்: நில அளவையாளர் துண்டு பிரிக்கும் நாள். படத்தில் அதைத் தனித் துண்டாக வரைந்து, பொதுவழி என்று எழுதி, பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ ஒப்படைக்க வேண்டும். வாய்ச்சொல்லாக விட்ட வழி இரண்டாவது உரிமையாளரின் காலத்தில் மதிலுக்குள் போய்விடும். அதன்பிறகு காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டிக் கேட்க எவருக்கும் ஆதாரம் இருக்காது. காணி வாங்கப் போகிறவர் முற்பணம் கொடுக்குமுன் அளவைப் படத்தை விரித்து, ஒழுங்கை முடிகிற இடத்தில் விரலை வைத்து, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.