மாதவிடாய் நாட்களில் மூளை மந்தமாகுமா? 1914இல் ஒரு பெண் அளந்து பார்த்தார்

"பொதுத்தேர்வு அன்று மாதவிடாய் வந்துவிட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்கிறார் பாட்டி. உண்மையா?" பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் கேள்வி இது. இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதனை செய்து பார்த்தவர் லீட்டா ஹாலிங்வொர்த். கல்வி உளவியலின் முன்னோடிகளில் ஒருவர்.

1886இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். பட்டம் பெற்று ஆசிரியையாக இருந்தவர், 1908இல் உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த்தை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். அங்கே மணமான பெண்களுக்கு ஆசிரியர் வேலை கிடையாது. மேலே படிக்கலாம் என்றால் கையில் பணமில்லை.

வழி திறந்தது 1911இல். பானத்தில் சேர்க்கும் காஃபீன் (காபி, தேநீரிலும் உள்ள ஊக்கப்பொருள்) கெடுதல் என்று கோக-கோலா நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டிருந்தது. காஃபீன் மனதையும் கையையும் என்ன செய்கிறது என்று கண்டறியும் பொறுப்பை நிறுவனம் ஹாரியிடம் கொடுத்தது. அன்றாடச் சோதனைகளை முன்னின்று நடத்தியவர் லீட்டா. அந்த ஊதியம்தான் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் படிக்க வைத்தது. முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடுவோம் என்ற நிபந்தனையோடுதான் ஹாரி அந்தப் பணியை ஏற்றார். தனியார் பணத்தில் ஆய்வு செய்கிற எல்லோரும் இந்த நிபந்தனையை எழுதி வாங்க வேண்டும் என்பேன்.

காஃபீனுக்குப் பழகிய அதே சோதனைகளைத்தான் லீட்டா தன் முனைவர் பட்ட ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார். மாதவிடாய் பெண்ணின் அறிவுத்திறனைக் குலைக்கிறது என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். அதிகம் படித்தால் பெண்ணின் கருப்பை கெடும் என்று எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர் 1873இல் எழுதியிருந்தார். அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே.

லீட்டா 23 பெண்களை அளந்தார். கூடவே 2 ஆண்களையும். சிலருக்கு மூன்று மாதம் நாள்தோறும் சோதனை: விரலால் வேகமாகத் தட்டுவது, கை நடுங்காமல் பிடிப்பது, நிறங்களின் பெயரைச் சொல்வது, எதிர்ச்சொல் சொல்வது, தட்டச்சு கற்பது.

சரி, மாதவிடாய் ஆய்வில் ஆண்களுக்கு என்ன வேலை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தட்டச்சு முதல் நாள் தடுமாறும், பத்தாம் நாள் ஓடும். பயிற்சியால் திறன் தானாகவே ஏறும். அதனால் ஒரு நல்ல நாளையும் ஒரு மாதவிடாய் நாளையும் மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தினமும் அளந்து, ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட வேண்டும். அப்படி அளந்ததை வரைபடமாக வரைந்தாலும் கோடு நேராக ஏறாது. தூக்கம் குறைந்தது, மனக்கவலை என்று ஏதோ ஒன்றால் இடையிடையே பள்ளம் விழும். பெண்ணின் கோட்டில் பள்ளத்தைப் பார்த்ததும் "அதோ, மாதவிடாய்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆணின் கோட்டிலும் அதே மாதிரிப் பள்ளங்கள்! பள்ளம் மனித இயல்பு. மாதவிடாய் நாட்களோடு சேர்ந்தே அது திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. வரவில்லை.

ஆய்வு 1914இல் வெளியானது. அதே ஆண்டு, ஆண்களிடையேதான் ஒருவருக்கொருவர் வேறுபாடு அதிகம், ஆகவே மேதைகளும் அவர்களில்தான் அதிகம் என்ற கருத்தையும் ஹெலன் மாண்டேகுவோடு சேர்ந்து அசைத்தார். பிறந்த குழந்தைகளில் ஆண் 1000, பெண் 1000 என்று உடல் அளவெடுத்ததில் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. இத்தனைக்கும் அவருடைய ஆய்வு வழிகாட்டியான உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் அந்தக் கருத்தை நம்பியவர். 1916இல் முனைவர் பட்டம். அப்புறம் அதே கல்லூரியில் பேராசிரியர். மீத்திறன் குழந்தைகளின் கல்வியில் உழைத்து, 1939இல் மறைந்தார்.

23 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2025இல் வெளியான தொகுப்பாய்வும், மாதவிடாய்ச் சுழற்சியால் அறிவுத்திறன் உறுதியாக மாறுவதற்குச் சான்று இல்லை என்றே சொல்கிறது.

ஆகவே தங்கையே, நீங்கள் படித்தது எங்கும் போகாது. வலி வேறு விஷயம், அது உண்மையானது. வலி கடுமையாக இருந்தால் தேர்வுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீட்டு என்று யாராவது மூலையில் உட்காரவைத்தால், அங்கேயும் புத்தகத்தைக் கொண்டுபோங்கள்.