வாட்டில் அண்டு டாப்: வரிச்சுச் சுவர்

இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடுகளில் கருத்த ஓக் சட்டங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கட்டங்கள் தெரியும். உள்ளே செங்கல் இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். பல வீடுகளில் இருப்பது குச்சியும் களிமண்ணும் சாணமும். இந்த அடைப்புக்குத்தான் வாட்டில் அண்டு டாப் என்று பெயர்.

வாட்டில் என்றால் பின்னிய குச்சிப் படல். பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். டாப் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீனின் 'டீஅல்பாரே', அதாவது வெள்ளையடித்தல். வெள்ளையடிப்பு பூச்சாகி, கடைசியில் சேறு அப்புவதில் வந்து நின்றுவிட்டது! ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வாட்டில் என்று மரத்தைச் சொல்வார்களே, அதுவும் இதே சொல்தான். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கே கிடைத்த வளார்களைப் பின்னிச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் பெயர் அகேசியா மரங்களுக்கு ஒட்டிக்கொண்டது.

வேலை நடக்கும் விதம் இது: மேல்சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள், கீழ்ச்சட்டத்தின் மேல் நீளமாக ஒரு காடி. பிளந்த ஓக் கழியின் தலையைத் துளைக்குள் செருகி, காலைக் காடியில் தள்ளி நிறுத்துவார்கள். ஆணி வேண்டியதில்லை. கழிகளுக்கு ஊடே ஹேசல் என்ற குறுமரத்தின் வளார்களைப் பின்னுவார்கள். அப்புறம் களிமண்ணையும் நறுக்கிய வைக்கோலையும் சாணத்தையும் குழைத்து, இரு பக்கமும் ஆள் நின்று சேர்ந்தாற்போல அப்புவார்கள். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் மறுபக்கம் பிதுங்கிவிடும். காய்ந்த பிறகு சுண்ணாம்பு.

இந்தச் சுவர் கூரையின் பாரத்தைச் சுமப்பதில்லை. அது சட்டகத்தின் வேலை. கென்ட் பகுதியில் இருந்த 15ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடான பேலீஃபை 1960களின் இறுதியில் நீர்த்தேக்கத்துக்காக அகற்ற வேண்டி வந்தபோது, மரமுளைகளைக் கழற்றிச் சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்து, சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்த முடிந்தது அதனால்தான்.

சரி, தமிழில்? 'மண்சுவர்' பொருந்தாது. டெவன் பகுதியில் கூரையையே தாங்கும் தடித்த மண்சுவர்கள் உண்டு, அவற்றின் பெயர் காப். 'மண்சுவர்' என்ற சொல்லைக் காப்புக்கே விட்டுவிடலாம். 'தட்டி' என்றால் மண் விடுபட்டுப்போகிறது. சுவருக்கும் கூரைக்கும் குறுக்கே வைக்கும் கழிக்கு நம்மிடம் வரிச்சு என்ற சொல் இருக்கிறது. வரிச்சைக் கட்டுவோம், வாட்டிலைப் பின்னுவார்கள், வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே 'வரிச்சுச் சுவர்' என்பதே என் தேர்வு.

டாப் என்பதற்கு 'அப்புமண்' என்று சொல்வேன். 'பூச்சு' என்றால் மேலே இருக்கும் மெல்லிய படலம். இதுவோ சுவரின் சதையே. பழுதுபார்க்கும்போது இதை வெறும் பூச்சாக எண்ணி மேலே சிமெண்ட் பூசியவர்கள் உண்டு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், பக்கத்திலிருந்த ஓக் சட்டம் இற்றுப்போனது.