படியெடுப்புக் காரணி

கோலாலம்பூரில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதை ‘ஃபக்தோர் திரான்ஸ்கிரிப்சி’ என்று மலாயில் படிக்கிறார்கள். தமிழில் ‘படியெடுப்புக் காரணி’.

முன்பாதி அருமையான சொல். செல்லரிக்கும் ஓலைச்சுவடியைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதுவதுதான் படியெடுத்தல். ‘திரான்ஸ்கிரிப்சி’யின் இலத்தீன் மூலத்துக்கும் ‘பெயர்த்து எழுதுதல்’ என்றே பொருள். உயிரணுவில் மூலச்சுவடி டிஎன்ஏ. அதைப் பார்த்து எடுக்கும் படி ஆர்என்ஏ. எந்த மரபணுவை, எந்த உயிரணுவில், எப்போது படியெடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள். மனிதரிடம் ஏறத்தாழ 1,600 வகை. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி ‘எழுத்துகளின்’ வரிசை; ஒவ்வொரு காரணியும் அதில் தனக்குரிய சில எழுத்துகளைத் தேடிப் போய் ஒட்டும். சிவப்பணு உருவாகத் தேவையான கேட்டா1 தேடுவது ஜி, ஏ, டி, ஏ. அதன் பெயரே அப்படித்தான் வந்தது.

பின்பாதிதான் இடறுகிறது. ‘காரணி’ என்றதும் கணக்குப் பாடத்தில் 12இன் காரணிகள் நினைவுக்கு வரும். அல்லது ‘ஒன்று நடக்கக் காரணமானது’ என்று தோன்றும். இவற்றில் பலவோ படியெடுக்க விடாமல் தடுப்பவை!

படிவம் நான்கில் தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய்) பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த மாணவருக்கு இதை எளிதில் விளக்கலாம். சிவப்பணுவில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குக் கருவில் இருக்கும்போது காமா என்ற புரதச் சங்கிலி, பிறந்தபின் பீட்டா சங்கிலி. காமா மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 115 எழுத்து முன்னால் பிசிஎல்11ஏ என்ற புரதம் ஒட்டி, அதை அடக்கிவிடுகிறது. கடுமையான பீட்டா தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நலமாக இருந்து, சில மாதங்களில் வெளிறிச் சோர்வது இதனால்தான்: காமா அடங்கிவிட்டது, பீட்டா போதவில்லை. அந்த இடத்தில் எழுத்து மாறிப் பிறந்தவர்களிடம் பிசிஎல்11ஏ ஒட்டுவதில்லை. காமா வாழ்நாள் முழுதும் ஓரளவு உருவாகும். அதனால் தீங்கும் இல்லை.

ஆகவே ‘படியெடுப்பு நெறிப்படுத்தி’ என்பதே பொருந்தும். தூண்டுவதும் தடுப்பதும் அதில் அடங்கும். ‘காரணி’ பழகிவிட்டதால், கட்டுரையில் முதன்முறை இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

2023 நவம்பரில் பீட்டா தலசீமியாவுக்கும் பிரிட்டன் அனுமதித்த கிரிஸ்பர் (டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சையில், காமாவை மீண்டும் இயங்க வைக்க, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை நோயாளியிடமிருந்து வெளியே எடுத்துத் திருத்துகிறார்கள். பிசிஎல்11ஏ புரதத்துக்கான பகுதியில் கைவைப்பதில்லை. மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். சிவப்பணுவில் மட்டும் அதைத் தூண்டும் ஒரு டிஎன்ஏ துண்டைத்தான் வெட்டுகிறார்கள். அங்கே சிதைவது கேட்டா1 வந்து ஒட்டும் அதே ஜி, ஏ, டி, ஏ.